பச்சை விளக்கு பொய் சொல்லுமா?

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு வாட்ஸப்பில் கோட், அதாவது கம்ப்யூட்டர் நிரல், வந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய டீமில் இருக்கும் தீபா போன மாதம் ஒரு துண்டு அனுப்பினாள். ஓர் இயந்திரம் எழுதிய நிரல்; அதை இன்னோர் இயந்திரம் படித்துப் பார்த்து 'பிரமாதம்' என்று சொல்லியிருந்தது. கீழே தீபாவின் கேள்வி: "மேடம், இனிமே நமக்கு இங்க என்ன வேலை? நீங்க இத்தனை வருஷம் ரிவ்யூல என்னதான் பாத்தீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன். புதுசா வந்தவங்க கேக்கறாங்க." அந்தத் துண்டின் அடிப்பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, 'மெமரி கிடைக்கவில்லை என்றால் மேலே என்ன பதில் போகும் என்று அந்த இரண்டு இயந்திரத்தையும் கேள்' என்று எழுதி அனுப்பினேன். பிறகு, ஆசையாகக் கேட்டுவிட்டாளே என்று இதை எழுத உட்கார்ந்தேன். நான் சுருக்கமாகப் பேசுகிறவள் இல்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் பெயர் ஃபிலோமினா. பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரி. அலுவலகத்தில் முகத்துக்கு நேரே ஃபிலோ மேடம், முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ. இன்ஜினியரிங் படித்தது, டெஸ்டிங்கில் சேர்ந்தது, கோட் எழுதப் போனது, எழுதியதைவிட மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது எல்லாம் பெங்களூரில் பலருக்கு நடந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

நான் படித்தது ஸ்டோரேஜ் டிரைவர்கள். டிஸ்குகளை வரிசையாகச் செருகிய ஓர் இரும்புப் பெட்டி, ஆளுயரம் இருக்கும். ஆஸ்பத்திரிகளும் வங்கிகளும் தங்கள் தகவல்களை அதில்தான் வைத்திருக்கின்றன. 'இதை எழுதி வை' என்று மேலேயிருந்து வரும் உத்தரவை வாங்கி, டிஸ்கிடம் வேலை வாங்கி, 'ஆயிற்று' அல்லது 'முடியவில்லை' என்று மேலே பதில் சொல்லும் நிரலுக்குப் பெயர் டிரைவர். முடியவில்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆயிற்று என்று சொல்லிவிட்டால், அதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் எங்கள் தொழிலில் கிடையாது. கம்ப்யூட்டர் நின்று போனால்கூட யாராவது வந்து பார்ப்பார்கள். பொய்யான 'ஆயிற்று' என்றைக்கோ ஒருநாள்தான் தெரியவரும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

என் மேலதிகாரி மூர்த்தி சார். மைசூர்ப் பக்கத்துக்காரர், என்னோடு கன்னடமும் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேசுவார். எல்லோரும் திரையில் படித்துக்கொண்டிருந்த காலத்திலும் அவருக்குக் காகிதம் வேண்டும். அச்சடித்த கோடை மேஜையில் விரித்து, எழுதியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வார். எந்த வரியில் மெமரி கேட்கிறோமோ அந்த வரிக்குக் கீழே ஆட்காட்டி விரலை வைத்து, "ஆகதே ஹோத்ரே?" என்பார். இது நடக்காமல் போனால்? அவ்வளவுதான் கேள்வி. பதில் வரும்வரை விரல் நகராது, அவர் முகமும் மாறாது. "அப்படியெல்லாம் ஆகாது சார்" என்று யாராவது சொல்லிவிட்டால் பேனாவை மூடிவிட்டுக் கான்டீனுக்குப் போன் செய்து ஒரே ஒரு காபி சொல்லுவார், தனக்கு மட்டும். அதை அவர் குடித்து முடிக்கும்வரை எழுதியவர் அந்த வரியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு நாங்கள் ஒத்தைக் காபி என்று பெயர் வைத்திருந்தோம். "இன்னைக்கு யாருக்கு ஒத்தைக் காபி?" என்பதுதான் எங்கள் தளத்தின் காலை வணக்கம்.

அந்த விரலிலிருந்துதான் என் படிக்கும் முறை வந்தது. நான் ஒரு ஃபங்ஷனை, அதாவது நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியை, கீழேயிருந்து மேலே படிப்பேன். மேலேயிருந்து படித்தால் எழுதியவர் நம்மைக் கையைப் பிடித்து நல்ல ரோட்டிலேயே கூட்டிக்கொண்டு போய்விடுவார். கீழே இருப்பது பிழை நடந்தால் வெளியேறும் வழிகள். ஒரு வேலையைத் தொடங்கும்போது டிரைவர் ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளும்: முதலில் டிஸ்கில் அந்தப் பகுதிக்கு ஒரு பூட்டு, அடுத்தவர் தொடாமலிருக்க. பிறகு தகவலைத் தற்காலிகமாக வைக்கக் கொஞ்சம் மெமரி. பிறகு டிஸ்கின் வரிசையில் தன் முறை. மூன்றாவது கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதையும் முதலாவதையும் வாங்கிய வரிசைக்கு நேர் எதிராகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். அப்படி வெளியே வரும் ஒவ்வொரு வாசலிலும் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். வாங்கியதையெல்லாம் கொடுத்துவிட்டதா? மேலே என்ன பதில் போகிறது?

முதல் கேள்வியை எல்லோரும் பார்ப்பார்கள், அதற்குக் கருவிகளும் உண்டு. இரண்டாவதில்தான் கோட்டை விடுவார்கள். எங்கள் கோடில் பூஜ்யம் என்றால் ஆயிற்று. வேறு எண் என்றால் பிழை. பதிலைச் சுமந்து போக மாறி என்று ஓர் எண் டப்பா இருக்கும். பூட்டு கிடைத்துவிட்டால் அதில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கும். அடுத்து மெமரி கேட்டு, அது கிடைக்காமல் வாசலுக்கு ஓடும்போது, மாறியில் பிழை எண்ணைப் போட மறந்துவிட்டால்? பழைய பூஜ்யமே மேலே போகும். செய்யாத வேலைக்கு 'ஆயிற்று' என்று பதில். ஒரே ஒரு வரி விட்டுப்போனதால் வருவது. லேபில் மெமரி எப்போதும் கிடைத்துக்கொண்டே இருப்பதால், அந்த வழி எழுதின நாளிலிருந்து ஒரு தடவைகூட ஓடியிருக்காது.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இம்தியாஸைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருநாள் மதியம் கான்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும், கம்பெனி டீஷர்ட் போட்ட ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்துவிட்டு, "உக்காரலாமா மேடம்?" என்றார்.

"உக்காந்தாச்சே."

"நான் இம்தியாஸ். ஃபீல்டு சப்போர்ட்டு. வீடு நீலசந்திரா. நீங்கதான் கோட் படிக்கறவங்கன்னு செக்யூரிட்டி சொன்னாரு."

அவர் யார் என்று எனக்குத் தெரியும். அந்த வாரம் அலுவலகத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் படங்களை அழித்துவிட்டவர் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் பெட்டி ஒன்று இருந்தது. அதில் ஒரு டிஸ்க் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அது சாகும் முன்னால் பக்கத்துக் காலி இடத்தில் புது டிஸ்கைச் செருகி, பழையதில் இருப்பதை அதில் நகலெடுக்கச் சொல்ல வேண்டும். நகல் ஓடும்போது விளக்கு மஞ்சளாக மினுக்கும், முடிந்தால் பச்சை. பச்சை வந்ததும் பழையதை உருவ வேண்டும். நோயாளிகளின் விவரம் என்பதால், உருவிய டிஸ்கை அங்கேயே டிரில்லால் துளை போட்டு நாசமாக்கிவிட வேண்டும் என்பது ஆஸ்பத்திரியின் விதி. இம்தியாஸ் எல்லாம் செய்துவிட்டு வந்தார். இரண்டு நாள் கழித்து டாக்டர்கள் பழைய ஸ்கேன்களைத் திறந்தால், பலவற்றில் பாதிப் படத்துக்கு மேல் வெறும் கறுப்பு.

அடுத்ததாக எங்கள் தொழிலுக்கே உரிய தப்பு ஒன்று நடந்தது. ஆஸ்பத்திரி போன் செய்ததும் எங்கள் ஹெல்ப் டெஸ்க் சொன்ன முதல் வார்த்தை, "ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பண்ணினார்கள். நகலெடுத்தபோது என்ன நடந்தது என்ற பதிவெல்லாம் பெட்டியின் மெமரியில்தான் இருந்தது; ரீஸ்டார்ட்டில் துடைத்துப்போயிற்று. மிச்சம் இருந்தது இம்தியாஸின் வாய்வார்த்தை மட்டும். பச்சை வருவதற்கு முன்னாலேயே அவசரப்பட்டு உருவிவிட்டார் என்று கம்பெனி முடிவு கட்டி, விசாரணை வைத்தது.

"சச்சி, நெஜமா சொல்றேன் மேடம். பச்சை வந்துச்சு. கண்ணால பாத்தேன். அப்புறம்தான் இழுத்தேன்" என்றார் இம்தியாஸ். குரல் கான்டீன் முழுக்கக் கேட்டது. "அந்த டாக்டரம்மா எல்லார் முன்னாடியும் என்னைக் கேட்டாங்க, 'ஒரு அம்மாவுக்கு ஈரல்ல கட்டி, போன வருஷப் படம் இல்லாம வளந்திருக்கா இல்லையான்னு நான் எப்படிச் சொல்றது?'ன்னு. நான் என்ன பதில் சொல்லுவேன்? வேலை போனா போவுது. வேற வேலை கிடைக்காது மேடம், அதுதான் விஷயம். இந்த ஊர்ல ஸ்டோரேஜ் பெட்டி பாக்கறவங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஸ்கேனை அழிச்சவன்னு பேர் வந்தா அப்புறம் யார் என்னைப் பெட்டிகிட்ட விடுவாங்க?"

"என்கிட்ட என்ன கேக்க வந்தீங்க?"

அவர் கொஞ்சம் முன்னால் குனிந்தார். "ஒண்ணே ஒண்ணு. அந்தப் பச்சை லைட்டு பொய் சொல்லுமா?"

எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வளவளவென்று பேசுகிறவர், நான் சாப்பிடும்போது பேச்சை விரும்பாதவள். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். யாரும் அதுவரை அதைக் கேட்கவில்லை. பச்சை வந்ததா இல்லையா என்றுதான் விசாரணை நடந்துகொண்டிருந்தது. வந்தது பொய்ப் பச்சையா என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. அவரிடம், "தெரியலை. பாத்துச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

அன்று மதியமே நகலெடுக்கும் கோடை எடுத்து, வழக்கப்படி கீழேயிருந்து படித்தேன். அதை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டு அமெரிக்கா போய்விட்டார். அழகான கோட், பெயர்களெல்லாம் தெளிவாக. கடைசி வாசல் பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாறியை மேலே அனுப்புகிறது. சரி. அந்த வாசலுக்கு யார் வருகிறார்கள் என்று மேலே தேடிப் போனேன். மெமரி கிடைக்காதவர் வருகிறார். மாறியில் என்ன இருக்கிறது? பூட்டு கிடைத்தபோது வந்த பூஜ்யம். நடுவில் யாரும் அதைத் தொடவில்லை.

டிஸ்கின் ஒரு பகுதியை நகலெடுக்க மெமரி கிடைக்கவில்லை என்றால், அந்தப் பகுதியை அப்படியே விட்டுவிட்டு 'ஆயிற்று' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கடைசியில் எல்லாம் ஆயிற்று என்று கணக்காகி, பச்சை எரியும். புது டிஸ்கில் அந்த இடங்கள் வெறுமையாக இருக்கும். படத்தில் கறுப்பு.

காகிதத்தில் அச்சடித்து மூர்த்தி சாரிடம் எடுத்துப் போனேன். இந்தத் தடவை விரலை வைத்தது நான். அவர் அந்த வாசலிலிருந்து மேலே வரி வரியாகப் படித்துப் போனார்.

"நான் நம்பறேன், ஃபிலோ. ஆனா எனக்கு நம்பிக்கை இருக்குன்னு சொன்னா விசாரணையில அவனை விடமாட்டாங்க. தோர்ஸு" என்றார். செய்து காட்டு என்று அர்த்தம்.

செய்து காட்டுவதற்கு எங்களிடம் ஒரு வழி இருந்தது. மெமரி கேட்டால் வேண்டுமென்றே அவ்வப்போது இல்லை என்று சொல்ல வைக்கும் ஒரு சுவிட்ச். லேபில் ஒரு பெட்டியில் அதைப் போட்டுவிட்டு, டிஸ்க் முழுக்கத் தெரிந்த எழுத்துகளை நிரப்பி, புது டிஸ்க் செருகி, நகலை ஓட விட்டேன். மஞ்சள் மினுக்கியது, பச்சை எரிந்தது. இரண்டு டிஸ்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், புதியதில் நடுநடுவே பூஜ்யங்கள் வரிசை வரிசையாக. எனக்கு அன்று வந்த சந்தோஷத்துக்கு அளவில்லை. ஆனால் அந்த மாதம் புது ரிலீஸுக்கு, அதாவது டிரைவரின் புதுப் பதிப்புக்கு, பொறுப்பெடுத்திருந்த அஷ்வின் என்ற மேனேஜர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மேடம், இது நீங்க ஃபெயில் பண்ண வெச்சதனால ஃபெயில் ஆச்சு. சுவிட்ச் இல்லாம ஆகுமா? நம்ம பெட்டியில மெமரி தீர்ந்து நான் பாத்ததே இல்லை. இதை வெச்சுக்கிட்டு ரிலீஸை நிறுத்தினா மேல என்னைக் கேள்வி கேப்பாங்க."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் இன்னும் கோபம். விசாரணைக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். நடக்கக்கூடியது என்று காட்டினால் போதாது; அந்த ஆஸ்பத்திரியில் நடந்திருக்கக்கூடியது என்று காட்ட வேண்டும்.

இம்தியாஸுக்குப் போன் செய்து, அன்று நகலெடுத்தபோது ஆஸ்பத்திரியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்டேன். "திங்கக்கிழமை காலை மேடம். ஓபில ஜனம் சொல்லி மாளாது. நான் ஞாயித்துக்கிழமை வரேன்னேன், நக்கோ, வேணாம், டிஸ்க் செத்துடும், இப்பவே மாத்துன்னாங்க." அதைக் கேட்டதும் லேபில் திங்கட்கிழமைக் காலையை உண்டாக்கினேன். ஸ்கேன் மெஷின்கள் ஒரே நேரத்தில் படங்களைக் கொட்டுகிற மாதிரி, டாக்டர்கள் பழைய படங்களை இழுக்கிற மாதிரி நிரல்கள் எழுதி, பெட்டியின் மேல் ஏவினேன். நகல் ஓடியது, பச்சை வந்தது, ஒப்பிட்டால் எல்லாம் சரியாக இருந்தது. சுமையைக் கூட்டினேன், சரியாக இருந்தது. இன்னும் கூட்டினேன், பெட்டி திணறியது, ஆனாலும் சரியாகவே இருந்தது. மண்டை காய்ந்துபோயிற்று. அஷ்வின் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்ப்பார். விசாரணையின் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இம்தியாஸ் தினமும் போன் செய்வார், நான் "இன்னும் இல்லை" என்பேன், அவர் "பரவாயில்லை மேடம்" என்பார். அந்தப் பரவாயில்லை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சின்னதாகிக்கொண்டே வந்தது.

விட்டுவிடலாம் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்றால் அது பொய்யாகிவிடும். ஆனால் கோட் என் கண் முன்னால் இருக்கிறது, அந்த வாசல் பொய் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு எப்படி எழுந்து வீட்டுக்குப் போவது?

கடைசியில் ஆஸ்பத்திரிக்கே போனேன். டாக்டர் ஷைலஜா என்னைப் பெட்டி இருக்கும் அறைக்குக் கூட்டிப் போனார். இம்தியாஸை எல்லோர் முன்னாலும் கேட்டவர் அவர்தான், ஸ்கேன் பிரிவின் தலைவர். "சீக்கிரம் பாத்துட்டுக் கெளம்புங்க. அந்த ஆளை மட்டும் மறுபடியும் இங்க அனுப்பாதீங்க" என்றார். நான் பெட்டியைப் பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அது எங்கள் பழைய மாடல். எங்கள் லேபில் அந்த மாடல் ஒன்றுகூட இல்லை. கம்பெனிக்குள் எல்லாப் பெட்டியும் புத்தம் புதுசு, மெமரியும் தாராளம். வாடிக்கையாளர்களிடம்தான் பழசு. நாங்கள் வருஷக்கணக்காக எங்கள் வசதியில் சோதித்துவிட்டு, அவர்கள் வசதியில்லாமையில் ஓட விட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்ததும் லேப் பெட்டியை அணைத்து, மூடியைக் கழற்றி, பழைய மாடலில் இருக்கிற அளவு மெமரி மட்டும் விட்டுவிட்டு மிச்ச மெமரிக் குச்சிகளைப் பிடுங்கிவிட்டேன். லேப் பொறுப்பாளர் குய்யோ முறையோ என்றார். சுவிட்ச் எதுவும் போடவில்லை. டிரைவரைத் தொடவில்லை. திங்கட்கிழமைச் சுமையை ஏவிவிட்டு, நகலைத் தொடங்கினேன். மூர்த்தி சார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், அஷ்வின் கதவில் சாய்ந்து நின்றார். மஞ்சள் மினுக்கிக்கொண்டே இருந்து, பச்சை ஆயிற்று. ஒப்பிடும் நிரலை ஓட விட்டேன். திரையில் பூஜ்யங்கள் வர ஆரம்பித்தன. மூர்த்தி சார் எழுந்து நின்றுவிட்டார்.

அஷ்வின் பக்கத்தில் வந்து திரையைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார். பிறகு போனை எடுத்து, "ரிலீஸை நிறுத்துங்க. ஆமா, நான்தான் சொல்றேன்" என்றார். அதற்குப் பிறகு அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

திருத்தம் ஒரு வரிதான்: வாசலுக்கு ஓடும் முன் மாறியில் பிழை எண்ணைப் போடுவது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பிழை என்று சொன்னால் நகல் நின்றுவிடுமே, ஆஸ்பத்திரிகள் சத்தம் போடுமே என்று அஷ்வினுக்குக் கவலை. "மெமரி கிடைக்கற வரைக்கும் அங்கயே காத்திருக்க வெச்சிடலாமே மேடம்? எப்படியும் கிடைச்சிடும். பிழைங்கற பேச்சே வராது" என்றார்.

இந்த யோசனை எல்லோருக்கும் வரும், அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். நகலெடுப்பவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு மெமரிக்காகக் காத்திருக்கிறார். மெமரி ஏன் இல்லை? ஸ்கேன் படங்கள் டிஸ்குக்குப் போவதற்காக மெமரியில் வரிசையில் நிற்கின்றன. அவை டிஸ்குக்குப் போனால்தான் மெமரி காலியாகும். டிஸ்குக்குப் போக அந்தப் பூட்டு வேண்டும். பூட்டு யாரிடம்? காத்திருப்பவரிடம். பெட்டி மொத்தமும் உறைந்து நிற்கும். எங்கள் வீட்டில் போர் மோட்டார் இருந்தது. அதை ஓட வைக்க முதலில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். இருக்கிற தண்ணீரையெல்லாம் செலவழித்துவிட்டு மோட்டாரைப் போட்டால் காற்றைத்தான் இழுக்கும். அதனால் என்ன அவசரமானாலும் அந்த ஒரு வாளியைத் தொடக்கூடாது என்று வீட்டில் சட்டம். டிரைவரிலும் அதையே செய்தோம். ஆஸ்பத்திரி எழுதச் சொல்லும் படங்களுக்காக மட்டும் கொஞ்சம் மெமரியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கி வைத்தோம். நகலெடுப்பது பொறுக்கக்கூடிய வேலை; மெமரி இல்லையென்றால் அது பூட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்று, முடியவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு, கூட்டம் குறைந்ததும் விட்ட இடங்களிலிருந்து தொடர வேண்டும். பிறகு நானும் தீபாவும் உட்கார்ந்து டிரைவர் முழுக்க ஒவ்வொரு வாசலாகப் படித்தோம். அதே மறதி வேறு இடங்களிலும் இருந்தது. எல்லாவற்றையும் சரி செய்தோம்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்தோடும் ஒரு குறிப்பு சேர்த்து வைக்க வேண்டும்: என்ன உடைந்தது, ஏன் உடைந்தது, யார் சொல்லித் தெரிந்தது, யார் திருத்தினார், யார் படித்துப் பார்த்தார். அந்தக் குறிப்பு கோடோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அடுத்து எவர் அந்த வரியைத் தொட வந்தாலும் அதைப் படிக்கலாம். எங்கள் குறிப்பில் 'சொன்னவர்' என்ற இடத்தில் இம்தியாஸின் பெயரைப் போட்டிருந்தேன். மேலிடத்திலிருந்து அஷ்வினுக்கு உத்தரவு வந்தது: விசாரணையில் இருப்பவர் பெயர் வேண்டாம், உள் ரிவ்யூவில் கண்டுபிடித்தது என்று மாற்றவும். அவர் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றார்.

"மாத்த மாட்டேன்" என்றேன்.

"மேடம், கண்டுபிடிச்சது நீங்கதானே?"

"பச்சை லைட்டு பொய் சொல்லுமான்னு நான் கேக்கலை, அவர் கேட்டாரு. அவர் பேர் இல்லாம இது போகணும்னா என் பேரையும் எடுத்துடுங்க. படிச்சுப் பாத்தவர் இல்லாம இந்தத் திருத்தம் உள்ள போகாது. வேற யாரையாவது படிக்கச் சொல்லுங்க."

வேறு யார் படித்தாலும் கடைசிக் கையெழுத்து மூர்த்தி சாருடையது. அவர் குறிப்பைக் காகிதத்தில் வாங்கிப் பார்த்து, இம்தியாஸின் பெயருக்குக் கீழே விரலை வைத்தார். "இது உண்மையா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். விரலை எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அப்புறம் கான்டீனுக்குப் போன் செய்து மூன்று காபி சொன்னார். விசாரணைக் குழுவுக்கு அந்தக் குறிப்பின் நகலையும் லேபில் எடுத்த சோதனை முடிவையும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். இம்தியாஸை வேலைக்குத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆனால் ஆஸ்பத்திரி இன்னும் அவரை நம்பவில்லை. கொஞ்ச நாளில் அதே பெட்டியில் இன்னொரு டிஸ்க் மூச்சு வாங்கியது. வேறு ஆளை அனுப்பலாம் என்றார்கள். இம்தியாஸ், "நான்தான் போவேன்" என்றார். நான் கூடப் போனேன். திருத்தின டிரைவரை அந்தப் பெட்டியில் முன்பே ஏற்றியிருந்தோம். டாக்டர் ஷைலஜாவுக்குக் கம்பெனி எல்லாவற்றையும் விளக்கிக் கடிதம் எழுதியிருந்தது. ஆனாலும் அவர் கையைக் கட்டிக்கொண்டு அறையிலேயே நின்றார். வேண்டுமென்றே திங்கட்கிழமைக் காலையைத்தான் சொல்லியிருந்தார். வெளியே ஓபி சந்தைக்கடையாக இருந்தது.

இம்தியாஸ் புது டிஸ்கைச் செருகினார். மஞ்சள் மினுக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து மினுக்குவது நின்று, மஞ்சள் அப்படியே அசையாமல் எரிந்தது. சின்னத் திரையில் ஒரு வரி: மெமரி போதவில்லை, நகல் நிறுத்தப்பட்டது.

"மறுபடியும் ஃபெயிலா?" என்றார் டாக்டர். அவர் முகம் இறுகிவிட்டது.

இம்தியாஸ் திரும்பினார். வளவளவென்று பேசுகிற மனுஷர், அன்று நிதானமாகச் சொன்னார்: "இல்ல டாக்டர். இன்னும் முடியலைன்னு சொல்லுது. அன்னைக்கும் இதேதான் ஆச்சு. அன்னைக்கு இது சொல்லலை."

டாக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். இம்தியாஸுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை. ஒரு பிழைச் செய்தியைப் பார்த்து வாழ்க்கையில் அத்தனை சந்தோஷப்பட்டதில்லை.

மதியம் கூட்டம் கலைந்ததும் நகல் தானாகவே விட்ட இடங்களைத் தொடர்ந்தது. பச்சை வந்தது. டிஸ்கின் பிடியில் கை வைத்துவிட்டு இம்தியாஸ் என் பக்கம் பார்ப்பார் என்று நினைத்தேன், டாக்டர் பக்கமாவது பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் விளக்கை மட்டும் பார்த்தார். யாரையும் கேட்காமல் பழைய டிஸ்கை உருவி, டிரில்லுக்கு அடியில் வைத்தார்.